வாயைப் பார்த்துக் காது கேட்ட அக்கா

அவர் யாரிடம் பேசினாலும் கண்ணைப் பார்க்க மாட்டார். வாயைத்தான் பார்ப்பார். புதிதாக வருகிற ஆள், பல்லில் ஏதோ ஒட்டியிருக்கிறது போல என்று நாக்கால் துழாவிக்கொள்வான். பழகினவர்களுக்குத் தெரியும். அக்காவுக்குக் காது கேட்காது. வாய் அசைவதை வைத்தே நாம் சொல்வது முழுக்கப் பிடித்துவிடுவார். நாம் அவரிடம் சொல்லாததையும் பிடித்துவிடுவார், அதுதான் தொந்தரவு.

என் பட்டறைக்குக் கடன் கேட்டிருந்த சமயம், வங்கியிலிருந்து ஓர் அதிகாரி பார்வையிட வந்தார். தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. நடுவில் நின்று, கூட வந்த உதவியாளரிடம் ஏதோ சொன்னார். எனக்கு முதுகைக் காட்டி நின்றதால் எனக்குத் தெரியவில்லை. அவருக்கு எதிரே, நாலு தறி தள்ளி, அக்கா நின்றிருந்தார். போதாதா? அதிகாரி என் அறையில் உட்கார்ந்து டீயை வாயில் வைத்த நேரத்தில் அக்கா வாசலில் வந்து நின்றார். காது கேட்காதவர்களுக்குத் தங்கள் குரலின் அளவு தெரியாது.

“தம்பி, உனக்குக் கையெழுத்தாச்சும் போடத் தெரியுமான்னு இவரு அவருகிட்டக் கேக்கறாருப்பா. ஒண்ணு போட்டுக் காட்டிரு.”

அதிகாரிக்குப் புரையேறிவிட்டது. நான் போட்டுக் காட்டினேன். கடனும் வந்தது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், அடுத்தவன் பட்டறையில் தார் சுற்றி, அதாவது ஊடை நூலைக் குச்சியில் சுற்றிப் பிழைத்தவன், ஜலகண்டாபுரத்தில் மெயின் ரோட்டின் மேலேயே சொந்தக் கட்டடம் கட்டித் தறி போட்டேன் என்றால் அது சும்மா வந்ததில்லை. இது என்னைப் பற்றி எழுதுகிற எழுத்தில்லை. இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.

அக்காவின் பெயரை எழுதப்போவதில்லை. இப்போது குமாரபாளையத்தில் மகள் வீட்டில் இருக்கிறார். எழுதினால், “என்னயக் கேட்டியா?” என்று அங்கிருந்தே ஆள் அனுப்புவார்.

விசைத்தறி ஓடுகிற இடத்துக்குள் போகாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். உள்ளே பேச்சு கேட்காது. காதோடு வாயை வைத்துக் கத்தினாலும் பாதிதான் கேட்கும். அதனால் தறிக்காரர்கள் கத்துவதில்லை. சத்தமே இல்லாமல் வாயை மட்டும் நன்றாக அசைத்துப் பேசுவார்கள். எதிராளி வாயைப் பார்த்துப் புரிந்துகொள்வான். கூடவே கைச்சைகை. விரலைச் சுழற்றினால் தார் தீர்ந்துவிட்டது. கையைக் கத்திரி மாதிரி வெட்டினால் பாவு நூல் அறுந்துவிட்டது. வயிற்றைத் தடவிக் காட்டினால் முதலாளி வருகிறார் என்று அர்த்தம். அந்தக் கடைசிச் சைகையைக் கண்டுபிடித்தது அக்காதான். எனக்குத் தெரியாது என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தார்கள். நானும் அதே தறிச் சத்தத்தில் வளர்ந்தவன்தானே. ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று எவன் என்னை என்ன திட்டினாலும் எனக்கு வாசிக்கத் தெரியும். புத்தகம் வாசிக்கத்தான் கஷ்டம்.

நானும் அக்காவும் ஒரே பட்டறையில் ஆரம்பித்தவர்கள். அவர் அப்போதே தறி ஓட்டினார். நான் தார் சுற்றினேன். நான் மேலே வந்தேன். அவருடைய காது கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. ஒருநாள் தீபாவளிக்குப் பக்கத்தில் வெடிச்சரம் வெடித்தபோது திரும்பிப் பார்க்கவில்லை. அப்போதுதான் அவர் வீட்டிலேயே கண்டுபிடித்தார்களாம். நான் தறி போட்டதும் என்னிடம் வந்து சேர்ந்தார். மற்றவர்கள் முதலாளி என்பார்கள். அவர் மட்டும் தம்பி என்பார். துணி எடுக்க வரும் ஈரோட்டு வியாபாரிகள் முன்னாலும் தம்பிதான். அந்த உரிமை இந்த ஊரில் ரொம்பப் பேருக்குக் கிடையாது.

நல்ல நிலைமைக்கு வந்த பிறகு, காதில் வைக்கிற மிஷின் வாங்கித் தருகிறேன் என்று சேலத்துக்குக் கூட்டிப்போனேன். வைத்துப் பார்த்தார். மறுநாள் பட்டறைக்குள் வைத்துக்கொண்டு வந்தார். அரை மணி நேரத்தில் கழற்றி என் மேசைமேல் வைத்துவிட்டார்.

“ஏந்தம்பி, என்ர காதைக் கெடுத்ததே இந்தத் தறிச் சத்தம். அதையவே பெருசு பண்ணிக் கேக்கறதுக்கு ஒரு மிஷினா? ஆளுக வாயை மூடாம இருந்தாப் போதும், எனக்கு எல்லாம் கேக்கும்.”

ஆளுக வாயை மூடாம இருந்தாப் போதும் என்றார். எல்லார் வாயையும் மூடச் சொல்லி அரசாங்கமே உத்தரவு போடும் காலம் வரும் என்று யாருக்குத் தெரியும்?

கொரோனா வந்தது. முதல் ஊரடங்கில் தறிகள் நின்றன. மறுபடி ஓட்டலாம் என்று அனுமதி வந்தபோது, ஒவ்வோர் ஆளும் முகக்கவசம் போட்டிருக்க வேண்டும் என்றார்கள். மருந்துக்கடையில் மாஸ்க் விலையைக் கேட்டால் தலை சுற்றியது. காகிதம் மாதிரி இருக்கும் ஒன்றுக்கு ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசு கேட்டான். அதையும் ஒரு நாள் போட்டுவிட்டு எறிந்துவிட வேண்டுமாம். துணி நெய்கிறவன் துணிக்கு அடுத்தவனிடம் போய் நிற்பதா? எனக்கு ரோஷம் வந்துவிட்டது. குடோனில் விலைபோகாமல் கிடந்த சட்டைத் துணிச் சுருளை எடுத்தேன். பக்கத்துத் தையல் யூனிட்டில் கொடுத்து ஆளுக்கு ரெண்டு என்று தைத்து இலவசமாகக் கொடுத்தேன். சுற்றுப்பட்டில் முதலில் கொடுத்தவன் நான்தான்.

துணி விஷயத்தில் என் விரல் பொய் சொல்லாது. தேய்த்துப் பார்த்தேன், நல்ல அடர்த்தி. மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு எரிகிற தீக்குச்சியை ஊதிப் பார்க்கச் சொல்லிச் செல்போனில் எதையோ பரப்பிக்கொண்டிருந்தார்கள். ஊதி அணைத்துவிட்டால் மாஸ்க் சரியில்லை, அணையாவிட்டால் நல்லது என்று கணக்கு. எல்லார் முன்னாலும் ஊதிக் காட்டினேன். குச்சி அணையவில்லை. கைதட்டினார்கள்.

அக்கா எதையும் துவைக்காமல் உடம்பில் போட மாட்டார். மாஸ்க்கை வீட்டுக்குக் கொண்டுபோய்த் துவைத்துக் காயவைத்து மறுநாள் போட்டு வந்தார். வந்ததும் தீப்பெட்டி கேட்டார். எல்லாரையும் கூப்பிட்டு நிற்கவைத்து ஒரு குச்சியைக் கிழித்தார். மாஸ்க்குக்குள்ளிருந்து புஸ் என்று ஒரு ஊது. குச்சி அணைந்தது. இன்னொன்று. அதுவும் அணைந்தது.

“தம்பி நமக்குச் சல்லடை தெச்சுக் குடுத்திருக்குது. மாவு சலிக்க வெச்சுக்கலாம்” என்றார்.

நடந்தது இதுதான். தறியில் ஏறும் பாவு நூல் எல்லாம் கஞ்சி போட்டது. நாங்கள் மாஸ்க் தைத்தது தறியிலிருந்து அப்படியே இறங்கின துணி, தண்ணீர் படாதது. விறைப்பாக, கனமாக, இடைவெளி இல்லாமல் இருக்கும். ஒரு தடவை துவைத்தால் கஞ்சி போய் நூலுக்கு நூல் சந்து விழுந்துவிடும். நெய்கிற ஊரில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். தெரிந்துமே ஏமாந்தோம். எந்நேரமும் கஞ்சித் துணியையே தொட்டுக்கொண்டிருக்கிற கைக்கு அதுதான் துணி என்று ஆகிவிடுகிறது. என்னோடு சேர்ந்து இன்னும் ஏழெட்டுப் பட்டறைக்காரர்கள் அதே மாதிரி தைத்திருந்தார்கள். நான் ஒருவன்தான் மறுபடி தைத்தேன். இந்தத் தடவை துணியைத் துவைத்த பிறகு வெட்டினோம். உள்ளே பழைய வேட்டித் துணி ஒரு மடிப்பு, வெளியே ரெண்டு மடிப்பு. மூச்சு விடுவதே கஷ்டமாக இருந்தது. “இது மாஸ்க்கு” என்றார் அக்கா.

மாஸ்க் விஷயத்தில் அவர் இவ்வளவு கெடுபிடி செய்ததற்குக் காரணம், அவர் வீட்டுக்காரர். இளவயதில் எங்களோடு தறி ஓட்டிவிட்டு, அப்புறம் நூல் மில்லில் பஞ்சு அடிக்கும் பிரிவுக்குப் போனவர். பஞ்சுத் தூசு நெஞ்சில் படிந்துவிட்டது. கட்டிலிலிருந்து இறங்கி வாசல்வரை வந்தாலே இளைப்பார். சாதாரணச் சளி பிடித்தாலே ஆஸ்பத்திரியில் கிடப்பார். இந்த நோய் வந்தால் மிஞ்ச மாட்டார் என்று டாக்டர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். அக்கா வேலைக்கு வராமலும் இருக்க முடியாது. அந்த வீட்டில் அடுப்பு எரிவது அவர் கூலியில். சும்மா இருங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். “நானென்ன செத்தா போயிட்டேன்?” என்றார். நோய் அந்த வீட்டுக்குள் போவதென்றால் அக்காவின் மூக்கு வழியாகத்தான் போக வேண்டும்.

ஆக, பட்டறையில் மாஸ்க்கால் அதிகமாக நஷ்டப்பட்டவர் யாரோ, அவரே மாஸ்க்குக்குக் காவலாக நின்றார். எவனாவது மூக்குக்குக் கீழே இறக்கினால் தார்க்குச்சியை எடுத்து முதுகில் ஒரு தட்டு. அவரிடம் பேச வருகிறவர்கள் வழக்கம்போல மாஸ்க்கை இறக்கிவிட்டு வாயைக் காட்டுவார்கள். அவர் தலையைத் திருப்பிக்கொள்வார்.

“ஏத்துடா. ஏத்திட்டுப் பேசு.”

“ஏத்திட்டாத்தான் உனக்குக் கேக்காதேக்கா.”

இதையும் அவன் ஏற்றிக்கொண்டுதான் சொல்ல வேண்டும். அவருக்குக் கேட்காது. எழுதிக் காட்டலாம் என்றால் அவருக்கு எழுத்தும் தெரியாது. இப்படியே நடந்தது.

அக்காவுக்கு உலகமே நின்றுபோன மாதிரி ஆகிவிட்டது. யார் வீட்டில் என்ன விசேஷம், யாருக்கும் யாருக்கும் சண்டை, ஒன்றும் அவருக்குத் தெரியாமல் போனது. சிலருக்குக் கொண்டாட்டம். இத்தனை காலம் அக்கா கண்ணுக்கு மறைத்து ஒரு வார்த்தை பேச முடிந்ததா? இப்போது கரண்ட் போய்த் தறி நின்றால் போதும், அவருக்கு முன்னாலேயே நின்று, மாஸ்க்குக்குள் வாயை வைத்துக்கொண்டு கிண்டல் செய்தார்கள். பக்கத்துத் தறி ஓட்டிய முருகேசன்தான் இதில் முதல் ஆள். ஒருநாள் அவன், “கெழவி இன்னைக்கு என்ன சேலை கட்டியிருக்குது பாருங்க, மாப்பிள்ளை பாக்க வாராங்க போல” என்றான். எல்லார் கண்ணும் சிரித்தது. அக்கா தறியை விட்டு நேரே அவனிடம் போனார்.

“என்னயப் பத்தித்தானே?”

“இல்லீங்க்கா, சத்தியமா.”

“வாயை மூடிட்டே, கண்ணை மூடலையே சாமி” என்று சொல்லி, முதுகில் ஒன்று வைத்துவிட்டு வந்தார். முருகேசனுக்கு அவர்மேல் பாசம் அதிகம். அவர் அடிப்பதற்காகவே பேசுவான் என்றுகூடச் சொல்லலாம்.

வெளியே போகிறவருக்குத்தான் நல்ல மாஸ்க் வேண்டும் என்று சேலத்திலிருந்து விலை கூடின மாஸ்க் ரெண்டு வரவழைத்து அக்காவிடம் கொடுத்தேன். டாக்டர்கள் போடுகிற ரகம். கிண்ணம் மாதிரி நிற்கும். மறுநாள் பழைய துணி மாஸ்க்கோடுதான் வந்தார். எங்கே என்று சைகையில் கேட்டேன். அவர் வீட்டுக்காரருக்குப் போட்டுவிட்டாராம். வீட்டுக்குள் கட்டிலில் படுத்திருக்கிற மனுசனுக்கு!

“அவருக்குத்தானே நெஞ்சு மோசம்? நல்லது அவருக்கு, மட்டமானது எனக்கு.”

அவருக்கு மூச்சே போதவில்லை, அதைப் போட்டால் இன்னும் திணறும் என்று நான் எத்தனையோ சைகை செய்து பார்த்தேன். நாலு நாள் கழித்து அவர் வீட்டுக் கொடியில் அந்த ரெண்டு மாஸ்க்கும் சோப்புப் போட்டு அலசிக் காய்ந்துகொண்டிருந்தன. அந்த ரகத்தைத் துவைத்தால் ஒன்றுக்கும் ஆகாது. இந்த அக்காவிடம் எதைக் கொடுத்தாலும் துவைத்துத்தான் தீருவார். நான் மேற்கொண்டு வாங்கவில்லை.

ஆனால் ஒன்று யோசித்தேன். சேலம் ஜில்லாவில் எவனும் யோசிக்காதது என்று நினைக்கிறேன். சட்டைப் பெட்டிக்கு மேலே ஒட்டுவார்களே, கண்ணாடி மாதிரிப் பிளாஸ்டிக் தாள், அதை வாய் இருக்கும் இடத்தில் ஜன்னலாக வைத்து மாஸ்க் தைத்தால் என்ன? வாயும் தெரியும், மூச்சும் வெளியே வராது. தைக்கச் சொன்னேன். முதலில் நான் போட்டுக்கொண்டு அக்கா முன்னால் போய் நின்று, “கேக்குதா?” என்றேன். அவர் முகத்தை அன்றைக்குப் பார்த்திருக்க வேண்டும்.

“கேக்குது தம்பி! நல்லாக் கேக்குது! ஏன் இத்தனை மெலிஞ்சுட்டே, சரியாச் சாப்பிடறயா?”

மெலியவெல்லாம் இல்லை. என் முகத்தைப் பார்த்து வெகுநாளாகிவிட்டது, அவ்வளவுதான்.

எல்லாருக்கும் தைத்துக் கொடுத்தேன். ஒரு வாரம் பட்டறை பழையபடி கலகலவென்று இருந்தது. வெயில் ஏறியதும் கோளாறு வந்தது. கூரைத் தகரச் சூட்டில், உள்ளே விடுகிற மூச்சில், ஜன்னல் பனி படிந்து மங்கிவிடும். அக்கா கையால் துடைக்கிற மாதிரி சைகை செய்வார். உள்பக்கம் மங்கினதை வெளியே துடைத்து என்ன ஆகும்? கழற்றித்தான் துடைக்க வேண்டும். பிளாஸ்டிக்கைச் சுற்றித் தைத்த ஊசி ஓட்டை வழியாக மூச்சு வேறு சீறிக்கொண்டு வந்தது. தீக்குச்சி வைத்துப் பார்க்கவே நான் விடவில்லை. யோசனை நல்ல யோசனைதான். சாமான்தான் சரியில்லை.

இரண்டாவது அலை வந்தது. இந்தத் தடவை தெரிந்தவர்கள் வீடுகளிலேயே சாவு விழுந்தது. மேட்டூர் ரோட்டில் ஆம்புலன்ஸ் போகும்போதெல்லாம் அக்கா என் முகத்தைப் பார்ப்பார். சத்தம் கேட்காது, விளக்கு சுற்றுவது ஜன்னலில் தெரியும். யார் என்று கேட்பார். பாதி நேரம் எனக்கும் தெரியாது.

ஒருநாள் மத்தியானம். முருகேசன் தறியை நிறுத்திவிட்டுச் செல்போனைப் பார்த்தபடி நின்றிருந்தான். அப்புறம் அக்காவிடம் நடந்தான். என் அறை வாசலில் நின்றுகொண்டு நான் பார்த்தேன். அவன் ஜன்னல் மாஸ்க்தான் போட்டிருந்தான். ஏதோ சொன்னான். வழக்கத்துக்கு அதிகமாக மங்கியிருந்தது போல. அக்கா காதருகில் கையை ஆட்டினார், கேட்கவில்லை என்று. மறுபடி சொன்னான். அக்கா கழுத்தை நீட்டிப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. அவன் கண் கலங்கியிருந்தது அவருக்குத் தெரிந்திருக்கும். ஏதோ பெரிய சமாச்சாரம் என்று புரிந்திருக்கும். ஒரு பேச்சை வாசிக்காமல் விட்டுப் பழக்கமில்லாதவர். இறக்கு என்று சைகை செய்தார். இத்தனை மாதத்தில் ஒருவனையும் இறக்க விடாதவர், அவராகவே செய்தார்.

அவன் இறக்கினான். கிட்டப் போய், நன்றாக வாயை அசைத்துச் சொன்னான். நான் நின்ற இடத்திலிருந்தே எனக்கும் தெரிந்தது.

“எங்கூட்டுக்காரிக்கு வந்துருச்சுக்கா. இப்பத்தான் ரிசல்ட் வந்துச்சு. எனக்கும் காலையிலிருந்து ஒடம்பு காயுது. உங்ககிட்டத்தான் மொதல்ல சொல்றேன், கிட்ட வராதீங்க.”

கிட்ட வராதே என்று சொல்ல, முகத்துக்கு முகம் வைத்து நின்றான். அவன்மேல் தப்புச் சொல்ல முடியாது. காது கேட்கிற ஆளாக இருந்தால் போனில் சொல்லியிருப்பான். அக்கா வீட்டுக்காரர் நெஞ்சை நினைத்துத்தான் வேறு யாரிடமும் போகாமல் அவரிடம் ஓடினான்.

அக்கா அவன் தாடையில் தொங்கிய மாஸ்க்கைத் தன் கையாலேயே மேலே ஏற்றிவிட்டார். தோளைத் தட்டி, போ, போய்ப் பொண்டாட்டியைப் பார் என்று சைகை செய்தார். பிறகு தன் தறியை நிறுத்தினார். தொட்டிக்குப் போய் முகத்தில் சோப்புப் போட்டுக் கழுவினார். மறுபடி கழுவினார். மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போகிற நேரம். என்னிடம் வந்தார், ஆறடி தள்ளியே நின்றார்.

“தம்பி, குடோன் சாவி குடு. நான் ஊட்டுக்குப் போகல.”

பட்டறையை அன்றைக்கே மூடினேன். குடோனில் துணிக் கட்டுகளை ஒதுக்கிக் கட்டில் போட்டுக் கொடுத்தேன். என் வீட்டுக்காரி ரெண்டு இடத்துக்கும் சோறு அனுப்பினாள். குடோன் வாசல்படியில் ஒரு தூக்கு, அவர் வீட்டு வாசல்படியில் ஒரு தூக்கு.

முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். முருகேசனும் பெண்டாட்டியும் பிழைத்துக்கொண்டார்கள். அக்காவுக்கும் குடோனில் இருக்கும்போதே காய்ச்சல் வந்தது. பரிசோதனையில் இருக்கிறது என்று வந்தது. ஆனால் மூச்சுத் திணறல் வரை போகவில்லை, எழுந்துவிட்டார். அவர் வீட்டுக்காரருக்கு வரவே இல்லை. அதற்கப்புறமும் சில காலம் இருந்து, தன் பழைய நெஞ்சுக் கோளாறிலேயே தன் கட்டிலில் போய்ச் சேர்ந்தார். மாஸ்க் காப்பாற்றியதா, குடோன் காப்பாற்றியதா என்று என்னைக் கேட்டால் தெரியாது. நான் டாக்டர் இல்லை. மாஸ்க்கால் ஒரு பிரயோஜனமும் இல்லை, எல்லாம் வியாபாரம் என்று டீக்கடையில் இப்போது சட்டமாகப் பேசுகிறார்கள். பேசட்டும். அவர்கள் கொடுத்த விலை கடைக்காரன் சொன்ன விலை. அக்கா கொடுத்த விலையைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான்.

அக்காவை நினைத்தால் எனக்கு முன்னால் வருவது அந்தக் குடோன் நாட்களில் ஒரு சாயங்காலம்தான்.

அவர் வீடு என் பட்டறைக்கு நேர் எதிரில், மெயின் ரோட்டின் அந்தப் பக்கம். மறுபடி ஊரடங்கு போட்டுவிட்டார்கள். பஸ் இல்லை, லாரி ஒன்றிரண்டு. வெயில் தாழ்ந்ததும் அக்கா பட்டறைக் கேட்டுக்கு உள்ளே வந்து நிற்பார். அந்தப் பக்கம் அவர் வீட்டுக்காரர் நாற்காலியை வாசலுக்கு இழுத்துப்போட்டு உட்கார்ந்திருப்பார். நடுவில் அவ்வளவு அகல ரோடு. ரெண்டு பேரும் மாஸ்க்கை இறக்கிவிட்டு, சத்தமே இல்லாமல் பேசுவார்கள். அவரும் தறி ஓட்டினவர் அல்லவா? ரோட்டில் போகிறவர்கள், கிழவனும் கிழவியும் வாயை மட்டும் அசைக்கிறார்களே, புத்தி பேதலித்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டு போனார்கள். பேசியது பெரும்பாலும் சண்டை.

“மாத்திரை போட்டீங்களா?”

“போட்டேன்.”

“பொய் சொல்லாதீங்க. வாய் கோணுது.”

அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது தெரிந்த அன்றைக்கும் வந்து நின்றார். கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் என் அறை வாசலில் நாற்காலியில் இருந்தேன், மூச்சு ஒழுகுகிற ஜன்னல் மாஸ்க்கை விட்டுவிட்டுத் துணி மாஸ்க்கோடு. எதிரில் அவர் வீட்டுக்காரருக்கு யாரோ சமாச்சாரம் சொல்லிவிட்டார்கள் போல. அன்றைக்கு மாத்திரைப் பேச்சு இல்லை.

“வா, ஊட்டுக்கு வா” என்றார்.

அக்கா தலையை ஆட்டினார்.

“வந்தா எனக்கும் வரட்டும். இந்த நெஞ்சை வெச்சுக்கிட்டு நான் யாருக்கு என்ன பண்ணப் போறேன்? அங்க துணிக் கட்டுல தனியாக் கெடக்காதே. கதவு தெறந்துதான் கெடக்குது. வா.”

அக்கா மறுபடி தலையை ஆட்டினார். அவர் மறுபடி சொன்னார். எழுந்து நின்று, இளைக்க இளைக்கச் சொன்னார். வா, வா என்று அந்த ஒரே சொல்.

அக்கா மாஸ்க்கைக் கண்ணுக்குக் கீழே வரைக்கும் ஏற்றிக்கொண்டார். திரும்பி, ரோட்டுக்கு முதுகைக் காட்டி நின்றார்.

அவர் வீட்டுக்காரரால் கத்த முடியாது, நெஞ்சு விடாது. கத்தினாலும் அக்காவுக்குக் கேட்காது. இருந்தும் கொஞ்ச நேரம் அந்த முதுகைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தார். பிறகு உட்கார்ந்தார். மூச்சு ஒரு நிலைக்கு வந்ததும், நிதானமாக வாயை அசைத்து, “சரி, அங்கேயே இரு. நான் மாத்திரை போட்டுக்கறேன்” என்றார்.

அதை நான்தான் வாசித்தேன். அக்கா என் பக்கம் பார்த்துத்தான் நின்றிருந்தார். என்னிடம் கேட்கவும் இல்லை, கண்ணை என் முகத்தைவிட்டு எடுக்கவும் இல்லை. சொல்லலாம் என்று எழுந்தேன். சொல்ல வேண்டுமென்றால் நான் மாஸ்க்கை இறக்க வேண்டும்.

நான் இறக்கவில்லை. இறக்கியிருந்தால் அவரே திட்டியிருப்பார்.